"கன்று போட்டு பத்தே நாள்" என்று மாடு விற்க வந்தால், மருத்துவர் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

கறவை மாடு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். இப்போதுதான் ஈன்றது என்று சொல்லி, பால் இறங்கத் தொடங்கிவிட்ட மாட்டை ஒரு தரகர் எங்கள் தலையில் கட்டிவிட்டார்.

இரண்டாம் ஈற்று, ஈன்று பத்து நாள், கூடவே கிடேரிக் கன்று. இதுதான் அவர் சொன்னது. அந்தப் பத்து நாளுக்குத்தான் விலையே. ஈன்ற மாடு ஆறு முதல் எட்டு வாரம் வரை பாலை ஏற்றிக்கொண்டே போகும், அப்புறம் மெல்ல இறங்கும். இன்று கறப்பதைவிட அடுத்த மாதம் கூடும் என்றுதான் வாங்குகிறவன் கணக்குப் போடுகிறான். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், தீவனக் கடன் எல்லாம் எங்களுக்கும் அந்தக் கணக்குக்குள்தான் இருந்தது.

கண் முன்னால் கறந்தும் காட்டினார். மடி இறுகிப்போய், காம்பில் பால் தானாகவே சொட்டியது. வீட்டுக்கு வந்ததும் அதில் பாதிதான். "இடம் மாறின மிரட்சிண்ணே, சரியாயிடும்" என்றார் போனில். இடம் மாறினால் பால் குறைவது உண்மைதான். ஆனால் சரியாகவில்லை. முந்தின வேளை கறக்காமல் விட்டு, இரண்டு வேளைப் பாலை ஒரே வேளையாகக் காட்டியிருக்கிறார். மாட்டுக்கும் இது வதை. பால் தேங்கினால் மடிநோய்க்கும் வழி விட்டதாகும்.

முதலில் சந்தேகப்பட்டது என் மனைவிதான். கன்றை ஊட்ட விட்டால் மாடு உதைக்கிறது, நக்கிக்கூடக் கொடுப்பதில்லை. "என்னங்க, இது இதோட கன்னு மாதிரியே தெரியலையே" என்றாள். கால்நடை மருத்துவரை அழைத்தோம். கையை விட்டுப் பார்த்தவர் சிரித்தேவிட்டார். மாடு மூன்று மாதச் சினை! ஈன்ற பிறகு கருப்பை பழையபடி சுருங்கவே ஐந்தாறு வாரம் ஆகும், அதன்பிறகுதான் சினைக்கு விடுவார்கள். ஆக, இது ஈன்று நாலைந்து மாதமாவது இருக்கும். அடுத்த ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்த வேண்டும் என்பதால், எங்களுக்கு மிச்சம் நான்கு மாதப் பால், அதுவும் குறைந்துகொண்டே. கன்று இரவல்.

தரகரிடம் கேட்டால், "சினை மாட்டை அதே விலைக்குக் கொடுத்திருக்கேன், சந்தோஷப்படுங்கண்ணே" என்கிறார். இந்த வாய்க்கு என்ன பதில் சொல்ல?

மாடு பார்க்கப் போனால் முதல் வேளைப் பாலைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். உங்கள் எதிரிலேயே மடியை ஒட்டக் கறக்கச் சொல்லி, அதற்கடுத்த மூன்று வேளையும் கூடவே இருந்து அளந்து பாருங்கள். நான்கு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டால் திரி திரியாக வருகிறதா என்று தெரியும், வந்தால் மடிநோய். கன்றுக்கு எத்தனை நாள் என்கிறாரோ, தொப்புள் கொடி அதற்கு ஒத்துவருகிறதா என்றும் பாருங்கள். முக்கியமாக, நீங்களே கூட்டிப்போகும் மருத்துவர் சினைப் பரிசோதனை செய்யட்டும். அதற்கு விற்கிறவர் முகம் சுளித்தால் கிளம்பிவிடுங்கள்.

இப்போது என் அழைப்பை அவர் எடுப்பதில்லை. மனைவியின் எண்ணிலிருந்து கூப்பிட்டேன், உடனே எடுத்தார். "சொல்லுங்க, கன்னு போட்டு எட்டு நாள் ஆன மாடு ஒண்ணு கைவசம் இருக்கு" என்றார்.