சிட்குலா, லாங்ஸாவா? இமயத்தில் தங்கிப் பார்க்க எந்தக் கிராமம்

இமாச்சலத்தில் ஒரு மலைக்கிராமத்தில் சில நாள் தங்க வேண்டும், எங்கே போகலாம் என்று நண்பர்கள் கேட்டால் இரண்டு பெயர்களைச் சொல்கிறேன். ஒன்று, கின்னௌர் மாவட்டத்தில் பாஸ்பா ஆற்றங்கரையில் இருக்கும் சிட்குல். இன்னொன்று, ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கின் மேலே இருக்கும் லாங்ஸா. சிட்குலில் ஒரு முறையும் லாங்ஸாவில் இரண்டு முறையும் தங்கியிருக்கிறேன். மனம் ஒட்டிக்கொண்டது லாங்ஸாவில்தான். ஆனாலும், முதன்முறையாக இமயத்துக்குப் போகிறவரிடம், எட்டு நாளுக்கு மேல் விடுப்புக் கிடைக்காதவரிடம், தயங்காமல் சிட்குல் என்பேன்.

காரணம் உயரம். நாம் ஏறிப் பழகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர். சிட்குல் ஏறக்குறைய 3,450 மீட்டர். லாங்ஸா 4,400 மீட்டர் அளவில் இருக்கிறது. படத்தில் பார்க்கும்போது இரண்டும் பனிமலை அடிவாரத்துச் சிற்றூர்கள்தான். அங்கே படுத்துத் தூங்கும்போதுதான் அந்தத் தொள்ளாயிரத்துச் சொச்சம் மீட்டர் என்ன செய்யும் என்று உடம்புக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்தது இப்படித்தான். முதல் பயணத்தில் மணாலியில் விடிகாலையில் ஜீப் ஏறி, அடல் சுரங்கப் பாதை வழியாகப் போய், குன்சும் கணவாயைத் தாண்டி மாலையில் ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸா சேர்ந்தோம். அங்கே தங்காமல் இருட்டுவதற்குள் லாங்ஸா போய்விட்டோம். மணாலி 2,050 மீட்டர். ஒரே பகலில் 2,350 மீட்டர் ஏறிப் படுத்திருக்கிறேன். நள்ளிரவில் தலை வெடித்துவிடும் போல வலித்தது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. நாங்கள் தங்கிய வீட்டு அம்மா சாண வறட்டி போட்டு அடுப்பை மூட்டி, விடியும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் காஸாவுக்கு இறக்கிக் கொண்டுபோனார்கள். 750 மீட்டர் இறங்கியதுமே மதியத்துக்குள் தெளிந்துவிட்டேன். எனக்கு வாய்த்தது லேசான வகை. மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. பகலில் அதைவிட மேலே ஏறிவிட்டு இரவில் இறங்கிவந்து தூங்கலாம். தலைவலி தொடங்கினால் மேலே ஏறக் கூடாது, முற்றினால் உடனே இறங்க வேண்டும். அசிட்டசோலமைடு மாத்திரை பலருக்கு உதவும். ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம் என்பதால், ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் சிட்குல் பயணம் எட்டு நாளில் அடங்கிவிடுகிறது. சண்டிகர் வரை விமானம், அன்றே சிம்லா. மறுநாள் நீண்ட பயணம்: சட்லஜ் கரையோடு போய்க் கல்பாவில் தங்கல். கல்பா 3,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே இருப்பதால் அடுத்த நாள் சிட்குலில் தூங்குவது உடம்புக்குப் பெரிய தாவல் இல்லை. அங்கே மூன்று இரவு தங்கிவிட்டுத் திரும்பலாம். லாங்ஸாவுக்கும் இதே சாலையில்தான் வரச் சொல்கிறேன். கல்பாவை அடுத்து டாபோவில் ஓர் இரவு. பொது ஆண்டு 996இல் நிறுவிய மண் மடாலயம் அங்கே இருக்கிறது, அதற்காகவே ஒரு நாளை ஒதுக்கலாம். பிறகு, அடுத்த ஏற்றம் 500 மீட்டரைத் தாண்டுவதால், காஸாவில் கட்டாயம் இரண்டு இரவு. அதன் பிறகுதான் லாங்ஸா. திரும்பும்போது குன்சும் திறந்திருந்தால் மணாலி வழியாக இறங்கலாம். எப்படிச் சுருக்கினாலும் பத்து பதினொரு நாள் ஆகும். மணாலி வழி தூரம் குறைவு, செலவும் குறைவு. ஏறுவதற்கு அந்த வழி வேண்டாம் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சாலை ஆபத்து என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஸ்பிட்டி மழை மறைவுப் பிரதேசம், அங்கே ஜூலையிலும் வானம் தெளிவாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் சிம்லாவிலிருந்து அங்கே போகும் சாலை கின்னௌர் மலைகளைக் குடைந்து போகிறது. சிட்குல் பக்கமும் அப்படித்தான்: 2021 ஜூலையில், அந்த ஊர் இருக்கும் சாங்லா பள்ளத்தாக்கின் பட்சேரி அருகே மலையிலிருந்து உருண்ட பாறைகள் சுற்றுலா வண்டியில் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டையும் விட்டுவிடுங்கள். செப்டம்பர் இரண்டு ஊருக்கும் நல்ல மாதம்.

போய்ச் சேர்வது சிட்குலுக்கு எளிது, அரசுப் பஸ்ஸே ஊர் வரை வருகிறது. தேவதாரு, பைன் மரங்கள், மரத்தில் இழைத்த பழைய வீடுகள், மாத்தி தேவி கோயில், பக்கத்திலேயே ஆற்றின் இரைச்சல். எல்லைக் காவல் படைச் சாவடி வரை காலையில் நடந்துவிட்டு வரலாம். குறை என்றால், ‘கடைசிக் கிராமம்’ என்ற பெயரைக் கேட்டு வரும் கூட்டமும், அதற்காக முளைத்த கான்கிரீட் விடுதிகளும்தான். ஊருக்குள் இருக்கும் வீடு எதிலாவது தங்க இடம் கேளுங்கள். அறையில் வசதி குறையலாம், ஆனால் ஊரோடு இருப்பீர்கள்.

லாங்ஸாவில் ஒரு மரம் கிடையாது. மண் வீடுகள், பள்ளத்தாக்கைப் பார்த்து அமர்ந்திருக்கும் பெரிய புத்தர், பின்னால் 6,303 மீட்டர் உயரத்தில் சௌ சௌ காங் நில்டா சிகரம். ஆண்டுக்கு ஒரே ஒரு விளைச்சல்: பார்லி, பச்சைப் பட்டாணி. அதற்கும் பனி உருகி வரும் நீர்தான். அதனால் அங்கே வாளி நிறைய வெந்நீர் கேட்பது நியாயமில்லை. கழிப்பறையும் நாம் பழகியது இல்லை. மேல்தளத்து மண் தரையில் ஒரு துளை, மூலையில் மண் குவியல், ஒரு மண்வாரி. போனபின் இரண்டு வாரி மண்ணைத் தள்ளிவிட வேண்டும். கீழே சேர்வது மக்கி வசந்தத்தில் வயலுக்கு எருவாகப் போகிறது. தங்க வருபவர்கள் சிலர் அந்தத் துளைக்குள் ஈரத் துடைப்பானையும் நாப்கினையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். எருவோடு கலந்த அந்தப் பிளாஸ்டிக்கை அந்த வீட்டுப் பெண்கள் வயலில் கையால் பொறுக்குவதைப் பார்த்தேன். ஒரு பையில் கட்டி உங்களோடு எடுத்துவந்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

லாங்ஸாவின் மண்ணில் சுருள் சுருளான அம்மோனைட் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. இமயம் எழுவதற்கு முன் அங்கே கிடந்த டெத்திஸ் கடலின் உயிர்கள் அவை. நம் பூஜையறைச் சாளக்கிராமமும் அதே வகைதான், நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைப்பது. சிறுவர்கள் உள்ளங்கையில் ஒன்றை வைத்து நீட்டும்போது ஆசை வரத்தான் செய்யும். கையில் வாங்கிப் பாருங்கள், வரியைத் தடவிப் பாருங்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்க ஆள் இருக்கும்வரை தோண்டிக்கொண்டே இருப்பார்கள். அடுத்து வருபவருக்கு மலையில் ஒன்றும் மிஞ்சாது.

சாப்பாடு இரண்டு இடத்திலும் எளிமை. சோறும் பருப்பும் கிடைக்கும், லாங்ஸாவில் துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பும் உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரும். ரொக்கமாகப் பணம் எடுத்துப் போங்கள்.

முதல் முறை லாங்ஸாவில் நோயாகக் கிடந்த இரவில், தலைமாட்டு அலமாரியில் ஒரு பள்ளி நோட்டு இருந்தது. தங்கிப் போனவர்கள் எழுதிவைப்பது. பக்கம் பக்கமாக ‘சொர்க்கம்’, ‘மறக்க முடியாது’. நடுவில் யாரோ ஒருவர் இந்தியில் இப்படி எழுதியிருந்தார்: “மணாலியிலிருந்து நேராக வராதீர்கள். காஸாவில் இரண்டு நாள் இருங்கள். நான் இருக்கவில்லை.” எனக்குத் தேவையான ஒரே செய்தி அதுதான். அதை நான் 4,400 மீட்டரில், வாந்திக்கு நடுவில் படித்தேன்.

இரண்டாம் முறை போனபோது பக்கத்து ஊரான ஹிக்கிமுக்கு நடந்தேன். 1983 முதல் அங்கே ஓர் அஞ்சலகம் இருக்கிறது, உலகிலேயே உயரமானது என்று சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு ஸ்பிட்டி போகத் திட்டம் வைத்திருந்த நான்கு பேருக்கு அங்கிருந்து அஞ்சலட்டை எழுதினேன். காட்சியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எந்த ஊரில் எத்தனை இரவு, எந்த இடத்தில் சாலை உடைந்திருக்கிறது, குப்பைக்கு ஒரு பை. இடம் அவ்வளவுதான் இருந்தது. நான்கும் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தன. அவர்களில் இருவர் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டே போய்வந்தார்கள், சிம்லா வழியாக.