மத்தி மீனா, மீன் எண்ணெய் மாத்திரையா?

அப்பாவின் இதய ரத்தக்குழாயில் அடைப்புக்காக ஸ்டென்ட் வைத்த பிறகு, ஒமேகா-3 கொழுப்பை எதிலிருந்து பெறுவது என்று வீட்டில் எழுந்த கேள்வி இது. நாங்கள் மத்தி பக்கம் சாய்ந்தோம். விலை, வாடை, முள் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். எங்கள் முடிவுக்குக் காரணம் அளவுதான்.

மாத்திரை டப்பாவின் முன்பக்கம் 1000 மி.கி. என்று பெரிதாக இருக்கும். திருப்பிப் பாருங்கள், சாதாரண மாத்திரையில் இபிஏ 180, டிஹெச்ஏ 120 (இரண்டும் ஒமேகா-3 வகைகள்), ஆக நமக்கு வேண்டிய கொழுப்பு அமிலம் 300 மி.கி.தான். ஜப்பானில் 18,645 பேரிடம் நடந்த ஜெலிஸ் ஆய்வில் (2007) கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தோடு தினம் 1800 மி.கி. இபிஏ கொடுத்தார்கள், இதயப் பாதிப்புகள் 19% குறைந்தன. அவ்வளவு இபிஏ கிடைக்க இந்த மாத்திரையில் தினம் பத்து விழுங்க வேண்டும்! நல்ல கொழுப்புள்ள மத்தி நூறு கிராம் சாப்பிட்டால் ஒமேகா-3 சுமார் ஒரு கிராம் வந்துவிடும், கூடவே புரதமும்.

ஒமேகா-3 அடர்த்தியாக உள்ள மாத்திரை என்றாலும் நாட்டுக்கு நாடு முடிவு மாறுகிறது. இத்தாலியில் மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களிடம் தினம் ஒரு கிராம் மாத்திரை இறப்பைக் குறைத்தது (1999). பிரிட்டனில் 15,480 நீரிழிவுக்காரர்களிடம் பலிக்கவில்லை (2018). அதே ஆண்டு வந்த அமெரிக்காவின் வைட்டல் ஆய்விலும் மொத்தத்தில் பலனில்லை, ஆனால் மீன் குறைவாகச் சாப்பிடுகிறவர்களிடம் கொஞ்சம் தெரிந்தது. தட்டில் ஏற்கெனவே எவ்வளவு மீன் விழுகிறது என்பது முக்கியம் என்றே எனக்குப் படுகிறது.

மீன் பக்கமும் எல்லாம் சுத்தமாக நிரூபணமாகிவிடவில்லை. வேல்ஸில் மாரடைப்பு வந்த ஆண்களை வாரம் இரண்டு முறை கொழுப்பு மீன் சாப்பிடச் சொன்னபோது இரண்டு வருடத்தில் இறப்பு 29% குறைந்தது (1989), பின்னால் ஆஞ்சைனா (இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி) உள்ளவர்களிடம் செய்த ஆய்வில் அந்தப் பலன் வரவில்லை. 58 நாடுகளின் தகவலைச் சேர்த்த 2021 அலசலில், ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்கு வாரம் 175 கிராம் அளவில் நன்மை தெரிந்தது. நோய் இல்லாதவர்களிடம் தெரியவில்லை. அப்பா முதல் வகை, அதனால் துணிந்தோம்.

டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எகிறியவர்களுக்கு டாக்டர் எழுதித்தரும் தினம் 4 கிராம் ஒமேகா-3 மருந்து வேறு கதை, அதில் எங்களுக்கு அனுபவம் இல்லை. அவ்வளவு அதிக அளவில் இதயத் துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சைவக்காரர்களுக்குப் பாசி எண்ணெய் மாத்திரை இருக்கிறது. எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு, பொரிப்பதில்லை. அப்புறம், ஸ்டாட்டினை நிறுத்தவே இல்லை.