வேப்பெண்ணெய் ஸ்ப்ரே, கழுத்துப்பட்டைக்கு 83 வெள்ளி, கூடவே உண்ணிக் காய்ச்சல்

நாய் வளர்க்கும் நம்ம ஆட்கள் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்.

ஈசூனில் இருக்கிறோம். எங்கள் நாய் கருவாச்சி ஒரு ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’, அதாவது உள்ளூர்க் கலப்பின நாய். அடோர் என்ற நாய் தத்தெடுப்புத் திட்டத்தில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்குத் தத்தெடுத்து வந்தோம். மூன்று வருடமாக மாதம் ஒரு மெல்லும் உண்ணி மாத்திரை கொடுத்தேன், ஒரு உண்ணியைக்கூடப் பார்த்ததில்லை. உண்ணியே இல்லாத நாய்க்கு எதற்கு மருந்து என்ற நினைப்பு அப்படித்தான் வந்தது.

ஒரு வார இறுதிச் சந்தையில் கடை போட்டிருந்தவர் தமிழர். “தங்கச்சி, மாசாமாசம் அதுக்கு விஷமா குடுக்குற? ஃபிட்ஸ் வரும், தெரியுமா?” என்றார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-ல் வெளியிட்ட எச்சரிக்கையைக் கைப்பேசியில் காட்டினார். அது பொய்யில்லை. கருவாச்சியின் மாத்திரை சேர்ந்த ஐசோக்ஸசோலின் வகை மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று அதில் இருக்கிறது. இந்த மருந்துகளைப் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்றே கருதுகிறோம் என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. அந்த வரி வரைக்கும் அவர் விரல் நகரவில்லை.

அடுத்து வேப்பெண்ணெய், எலுமிச்சைப்புல், “நம்ம பாட்டி வைத்தியம்”. அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகும் வீட்டில் வளர்ந்தவள் நான், விழுந்துவிட்டேன். ஸ்ப்ரே 48 வெள்ளி, மூலிகைக் கழுத்துப்பட்டை 35.

மாத்திரையை நிறுத்தி ஏழாவது வாரம். இரவு விளக்கைப் போட்டால் திரைச்சீலைக்குப் பக்கத்துச் சுவரில் ஏதோ மெல்ல ஏறுகிறது. பழுப்பு நாய் உண்ணி. இது காட்டில் மட்டும் வாழும் ஜந்து இல்லை. வீட்டுக்குள்ளேயே முட்டையிட்டு, பொரித்து, வளர்ந்து வம்சம் பெருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுமாம். நமக்கோ குளிர்காலமும் கிடையாது, வருடம் முழுக்க அதற்குக் கொண்டாட்டம்.

கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். வந்த பதில்: “உள்ள இருந்த விஷம் வெளிய போகுதும்மா, அதான். ரெண்டு தடவ கூட அடி.” அடித்தேன். (இதை எழுதும்போதே என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.)

பத்து நாளில் கருவாச்சி சோற்றைத் தொடவில்லை. ஈறு வெளுத்து, வயிற்றில் சிவப்புப் புள்ளிகள். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் படுமோசமாகக் குறைந்திருந்தன. எர்லிக்கியா, உண்ணி கடித்துத் தொற்றும் கிருமி. 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். பில் அறுநூறு வெள்ளியைத் தாண்டியது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் லிஃப்டிலிருந்து வீட்டுவாசல் வரை தூக்கிக்கொண்டு வந்த அந்த வாரத்தை மறக்க முடியாது.

மருத்துவர் ஸ்ப்ரே பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். லேபிளில் எது எத்தனை சதவீதம் என்று ஒரு எண்கூட இல்லை. டீ ட்ரீ ஆயில் மட்டும் எழுதியிருந்தது. அது நாய்க்கே நஞ்சு, நக்கினால் தள்ளாடும் என்றார். வேப்பெண்ணெய்க்குக் கொஞ்சம் விரட்டும் குணம் உண்டுதான், ஆனால் தோலில் ஒட்டிவிட்ட உண்ணியைக் கொல்ல அதை நம்பக்கூடாது என்றார். “இயற்கைன்னா சாதுவா? பைரெத்ரின் செவந்திப்பூ இனத்துல இருந்து வர்ற பூச்சிக்கொல்லி. அதைப் பார்த்துச் செஞ்ச பெர்மெத்ரின் பூனையையே கொல்லும்.” வீட்டில் பூனையும் இருந்தால் நாய்க்கு வாங்கும் சொட்டு மருந்தின் லேபிளைப் பாருங்கள்.

முன்பே வலிப்பு வந்த நாயென்றால் மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஃபிப்ரோனில் சொட்டு மருந்து மாதிரி வேறு வகைகளும் உண்டு. சந்தைக்கடையில் முடிவெடுக்காதீர்கள்.

பணத்தைக் கேட்டேன். “நீ சரியா அடிக்கல” என்றார். அப்புறம் பிளாக். பேநவ்வில் பணம் அனுப்பிய பதிவும் அவர் செய்திகளும் என்னிடம் இருக்கின்றன. பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அங்கே முடியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். அதனால்தான் அந்தப் பாட்டிலை இன்னும் தூக்கிப் போடவில்லை. அலமாரியைத் திறந்தாலே வேப்பெண்ணெய் நாற்றம். கருவாச்சி அந்தப் பக்கமே வருவதில்லை.