உசுமசிந்தா ஆற்றில் யாஷ்சிலான்: படகுப் பயணம் எப்படி?

மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் இருக்கும் பழைய மாயா நகரமான யாஷ்சிலானின் இடிபாடுகளுக்குச் சாலை கிடையாது. ஃப்ரொன்டேரா கொரொசால் கிராமத்தில் நீளமான மோட்டார் படகு ஏறி, உசுமசிந்தா ஆற்றோடு கீழே போக வேண்டும். ஒரு கரை மெக்சிகோ, எதிர்க்கரை குவாத்தமாலா. படகோட்டி நீரோட்டத்தை நன்றாக அறிந்தவர்; முதலை கிடந்த மணல்திட்டருகே கேட்காமலே வேகத்தைக் குறைத்தார்.

இடிபாடுகளுக்குள் நுழைவதே 19ஆம் எண் கட்டடத்தின் இருட்டு அறைகள் வழியாகத்தான். தலைக்கு மேல் வௌவால்கள், அதனால் டார்ச் கட்டாயம். அப்புறம் செங்குத்தான படியேறினால் 33ஆம் எண் கோயில். எங்கள் வழிகாட்டி அங்கே அவசரப்படுத்தவே இல்லை. வாசல்களின் மேல் கிடத்திய கற்களில் உள்ள சிற்பங்களை ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்துக் காட்டினார்.

அரசி தன் நாக்கில் முள் கயிற்றை இழுத்து ரத்தம் சிந்தும் புகழ்பெற்ற கல் இங்கே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மாட்ஸ்லே என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அது இருந்த 23ஆம் எண் கட்டடத்தின் முன் நின்றபோது எனக்குக் கோபமே வந்தது. செதுக்கிய ஊரில் அல்லவா அது இருக்க வேண்டும்?

குறை ஒன்றுதான்: படகு காத்திருக்கும் நேரம் போதவில்லை. ஏறுமுன்பே கூடுதல் நேரம் பேசிக்கொள்ளுங்கள். பெசோவைக் கையில் பணமாக வைத்திருங்கள், தண்ணீரும் கொசு மருந்தும் சேர்த்து.