பிம்பம் கண்ணாடியில் நிற்கணும்: வியூ கேமராவில் ஃபிரெனல் தகடு, நாலு வருஷ அனுபவம்

ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் வியூ கேமராவை, அதாவது தாள் தாளாக ஃபிலிம் போட்டு எடுக்கும் பெரிய கேமராவை, நிறுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும். அதன் பின்புறம் இருக்கும் சொரசொரப்பான கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்யணும். பிறகு அதே இடத்துக்கு ஃபிலிம் வரும். ரோட்டில் வெயில் பளீரென்று அடிக்கும். சில்வர் ஓக் நிழலில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால், 4க்கு 5 அங்குலக் கண்ணாடியில் நடுவே மட்டும் கொஞ்சம் வெளிச்சம். என்னிடம் இருப்பது 150 மி.மீ. எஃப் 5.6, 90 மி.மீ. எஃப் 8 என இரண்டு லென்ஸ். 90ஐ மாட்டினால் மூலையில் இருப்பது கிளையா பாறையா என்றே தெரியாது.

செவ்வாய்ப்பேட்டையில் ஸ்டுடியோ நடத்திய என் மாமா, அந்தக் காலத்தில் சிலர் கண்ணாடியின் சொரசொரப்புப் பக்கத்தில் துளி தேங்காய் எண்ணெய் தடவுவார்கள் என்றார். கூடவே, "வெளிச்சம் வரும் மாப்ள, ஆனா பிம்பம் கண்ணாடியில நிக்காது" என்றும் சொன்னார். தடவிப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே நடந்தது. சொரசொரப்பு குறைந்தால் ஒளி சிதறாமல் நேரே வந்துவிடுகிறது. நடு இன்னும் பளிச்சென்று ஆகிறது, ஓரம் இன்னும் இருள்கிறது. லூப் (பிம்பத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் சின்ன லென்ஸ்) வைத்தால் நம் கண் கண்ணாடியைத் தாண்டிப் போய்விடுகிறது. ஃபோகஸை முன்னே பின்னே நகர்த்தினாலும் எல்லாமே தெளிவு போலத்தான் தெரியும்.

எண்ணெயைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, புதுக் கண்ணாடி ஒன்றை நானே தேய்த்தேன். சிலிக்கான் கார்பைடு தூள், முதலில் 400, பிறகு 600. தண்ணீர் விட்டு, சின்னக் கண்ணாடித் துண்டால் எட்டு போடுகிற மாதிரி தேய்க்கணும். ஆரம்பத்தில் கரகரவென்று இருக்கும் சத்தம், தூள் உடைய உடைய மெலிந்து 'ஸ்ஸ்' என்று ஆகும். அப்போது கழுவிவிட்டுப் புதுத் தூள் போடணும். பிம்பம் மணிமணியாக வந்தது. மூலைகள் மட்டும் மாறவில்லை.

மாறாததற்குக் காரணம், மூலைக்கு வரும் ஒளி சாய்வாக வந்து அதே சாய்வில் வெளியே போய்விடுவதுதான். அது நம் கண்ணுக்கு வருவதே இல்லை. அதைக் கண் பக்கம் வளைத்து விடுவதுதான் வட்ட வட்டமாக வரிப்பள்ளம் போட்ட மெல்லிய பிளாஸ்டிக் லென்ஸான ஃபிரெனல் தகட்டின் வேலை. 1820களில் கலங்கரை விளக்கத்துக்காக அகஸ்டின் ஃபிரெனல் கொண்டுவந்த அதே வளைய அமைப்பு. புதிதாக வெளிச்சம் எதையும் அது உண்டாக்குவதில்லை, வீணாகப் போவதைத் திருப்பித் தருகிறது. 150 லென்ஸில் நாலு மூலையும் முதல் முறையாகத் தெரிந்த காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆனால் தகட்டை விற்றவர் கண்ணாடிக்கு முன்னால், லென்ஸ் பக்கம் வைக்கச் சொல்லிவிட்டார். நானும் வைத்தேன். பறிப்புச் சமயத்தில், மரத்தில் சாய்ந்து நின்ற ஒரு பாட்டியை இரண்டு மீட்டர் தூரத்தில் எஃப் 5.6ல் எடுத்தேன். நெகட்டிவில் அவர் கண்கள் மங்கல், பின்னால் மரப்பட்டை கூர்மை. ஆறு தாளும் அப்படித்தான். கணக்குப் போட்ட பிறகுதான் விளங்கியது. 1.5 மி.மீ. தகடு கண்ணாடியை அந்த அளவுக்குப் பின்னே தள்ளிவிடும். ஒளி பிளாஸ்டிக்குக்குள் வளைவதால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் சரியாகும். ஃபிலிம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். மிச்சம் 1 மி.மீ. பிழை. லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் 22ல் எடுத்த நிலக்காட்சிகளில் இது ஒளிந்துகொண்டதால் இரண்டு மாதம் எனக்குத் தெரியவே இல்லை. அந்தப் பாட்டியை மறுபடி எடுக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஆகவே தகடு கண்ணாடிக்குப் பின்னால், நம் கண் பக்கம்தான் இருக்கணும். வரிப்பள்ளம் உள்ள முகம் கண்ணாடியைப் பார்க்கணும். பழைய கிராஃப்ளெக்ஸ் கேமரா சிலவற்றில் எக்டாலைட் என்ற ஃபிரெனல் தகடு முன்னால் இருக்கும்படியே வடிவமைத்திருப்பார்கள். அதைக் கழற்றினாலும் ஃபோகஸ் மாறும், தொடாதீர்கள்.

லூப்பில் வளையக் கோடுகள் தெரிவது பழகிவிடும். சொரசொரப்புப் பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டிருக்கிறேன். அந்தக் கோடு கூர்மையாகத் தெரியும்வரை லூப்பைத் திருகிவிட்டுத்தான் படத்தைப் பார்ப்பேன். இல்லாவிட்டால் கண் தகட்டின் வரிகளிலேயே நின்றுவிடும். மூலை வெட்டிய கண்ணாடி என்றால் தகட்டின் மூலையையும் வெட்டுங்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் லென்ஸின் துவாரம் முழுசாகத் தெரிகிறதா, மறைகிறதா என்று பார்க்க முடியும்.

மார்கழிக் காலையில் பகோடா பாயின்ட்டில் மூச்சுப் பட்டு தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பனி கோக்கும். துடைக்காமல் காயவிடுங்கள். ஸ்பிரிட், தின்னர் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், தகட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். தூசிக்கு ஊதும் பல்பு போதும். நாலு வருஷத்தில் என் தகட்டில் விழுந்த ஒரே கீறல், முதல் மாதம் நான் வேட்டி நுனியால் துடைத்தது.

90 மி.மீ.க்கு மட்டும் இது முழுத் தீர்வு இல்லை. அதற்கு இன்னும் குறைந்த குவியத் தூரமுள்ள தகடு வேண்டும். லென்ஸை மேலே ஏற்றினால் தலையையும் நகர்த்தித்தான் பார்க்கணும். இப்போதைக்கு அந்த லென்ஸுக்கு மூலைகளை ஒவ்வொன்றாக, லூப்பைச் சாய்த்துப் பிடித்தே பார்த்து எடுக்கிறேன்.