மூடில் கற்றல் தளம்: ஒரு விரிவுரையாளரின் மதிப்பீடு

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ‘எல்.எம்.எஸ்.’ (கற்றல் முகாமைத்துவ முறைமை) என்று எவராவது சொன்னால், அவர் பெரும்பாலும் மூடிலைத்தான் குறிப்பிடுகிறார். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறப் பகுதியொன்றில் சிற்றலை வானொலி வழியே பள்ளிப்பாடம் கற்று வளர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி, 2002 ஆகஸ்ட் 20 அன்று முதற்பதிப்பாக வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் இது. இதன் வசதிகளை அடுக்கிச் சொல்வது என் நோக்கமன்று. ஆசிரியரும் மாணவரும் தளத்தை எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்பதை அறிய இது எந்த அளவுக்கு உதவுகிறது என்பதையே இங்கு மதிப்பிடுகிறேன்.

ஒவ்வொரு பாடநெறிக்கும் பதிவு அறிக்கை ஒன்று உண்டு. எந்த மாணவர் எந்த நேரத்தில் எந்தக் கோப்பைத் திறந்தார், எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தார் என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். (இவ்வளவும் ஆசிரியர் கண்ணில் படும் என்பது மாணவர் பலருக்குத் தெரியாது, சொல்லிவிடுவதே முறை.) முதன்முதலில் பார்ப்பவருக்கு வகுப்பு முழுவதும் உள்ளங்கையில் இருப்பதாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு விரிவுரைக் குறிப்பைக் கால்வாசிப் பேர்கூடத் திறக்கவில்லை என்று பதிவு காட்டியதை நம்பி வகுப்பில் கடிந்துகொண்ட பிறகுதான், ஒரு மாணவி அதைத் தரவிறக்கி வாட்ஸ்அப் குழுவில் இட்டிருந்ததும், மற்றவர்கள் அங்கேயே படித்து முடித்திருந்ததும் தெரியவந்தது. மறுபுறம், கோப்பைத் திறந்தவுடன் மூடியவருக்கும் ஊன்றிப் படித்தவருக்கும் பதிவில் கிடைப்பது ஒரே மாதிரியான ஒரு வரிதான். இந்த அறிக்கையை வைத்து வருகைப் புள்ளி இடுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அதே அறிக்கை ஆசிரியர்களைப் பற்றிச் சொல்வது இன்னும் சங்கடமானது. ஒருவரோடொருவர் கலந்துரையாடிக் கற்பதை அடிப்படையாகக் கொண்டு வடிவமைக்கப்பட்ட தளத்தை, நாங்கள் பிடிஎஃப் கோப்புகளை வைக்கும் அலுமாரியாக ஆக்கிவிட்டோம். புதிய பாடநெறியில் தானாகவே வரும் அறிவிப்பு மன்றத்தில் மாணவர் உரையாடலைத் தொடங்க முடியாது. பல பாடநெறிகளில் அதைத் தவிர வேறு மன்றமே இல்லை. பேச இடம் தராமல் வைத்துவிட்டு, மாணவர் தளத்தில் பங்கேற்பதில்லை என்று பீடக் கூட்டத்தில் குறைப்படுகிறோம்.

உண்மையில் போற்றத்தக்க பகுதி, வினாடி வினாவின் புள்ளிவிவர அறிக்கை. ஒரு வினாவுக்கு மாணவர்கள் சராசரியாக எத்தனை விழுக்காடு புள்ளி பெற்றார்கள் என்பதையும், நன்றாகச் செய்தவரையும் பின்தங்கியவரையும் அந்த வினா எவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதையும் அது கணித்துத் தருகிறது. ஒருமுறை என் வினா ஒன்றுக்கு இந்தப் பிரித்தறியும் சுட்டெண் எதிர்மறையாக வந்தது. அதாவது, மற்ற வினாக்களில் சிறந்து விளங்கியவர்களே இதில் அதிகம் தவறியிருந்தார்கள். தேடிப் பார்த்தபோது, சரியான விடையாக நான் குறித்திருந்ததே தவறு. தாளில் நடந்த பரீட்சையாக இருந்திருந்தால் அந்தப் பிழை என் கண்ணுக்குப் பட்டே இருக்காது. ஆனால், இந்த அறிக்கையைத் திறந்து பார்த்ததாகச் சொல்லும் சக விரிவுரையாளர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. எனினும் சேவையகமும் அதைப் பராமரிக்கத் தெரிந்தவரும் வேண்டும். அவர் இல்லாத இடத்தில், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒப்படை சமர்ப்பிக்கும் நள்ளிரவில் தளம் திணறும். 2022இல் வந்த 4.0 பதிப்பு முகப்பைச் சீர்செய்திருக்கிறது. கைப்பேசியில் பார்ப்போருக்கு அது ஆறுதல்.

2017இல் வெளியான 3.4 பதிப்பிலிருந்து, இடைவிலகும் அபாயத்தில் உள்ள மாணவரை முன்கூட்டியே இனங்காணும் பகுப்பாய்வு வசதியும் சேர்ந்துள்ளது. அது இயங்க, முடிந்துபோன பாடநெறிகளின் தரவு வேண்டும். பாடநெறி எப்போது முடிந்தது என்பதும் தளத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பாடநெறிகளில் பெரும்பாலானவற்றுக்கு முடிவுத் திகதியே இடப்படவில்லை.