ஏழு பூட்டுகள் தொங்கும் வீட்டில் மூன்று நாள்

செட்டிநாடு பார்க்க வருபவர்கள் வழக்கமாகச் சுற்றும் காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி வட்டத்துக்குச் சற்று வெளியே, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பழைய நகரத்தார் வீட்டின் முன்பகுதியில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது. மாசிக் கடைசியில் நானும் என் மனைவியும் அங்கே மூன்று நாள் தங்கினோம். காலை, இரவு உணவு உட்பட நாளொன்றுக்கு 1,800 ரூபாய் வாங்கினார்கள். அரண்மனை போலப் புதுப்பிக்கப்பட்ட செட்டிநாட்டு விடுதிகளின் வசதி எதையும் எதிர்பார்த்து இங்கே போகக்கூடாது. ஆனால் இந்த ஊர்கள் தண்ணீரை எப்படி எண்ணி எண்ணிச் செலவழிக்கின்றன என்பது அந்த விடுதிகளில் எத்தனை நாள் தங்கினாலும் தெரியாது. இங்கே குளியலறை வாளியிலேயே அது தெரியத் தொடங்கிவிடுகிறது.

முதலில் வீட்டைப் பற்றி. முகப்பில் இருபுறமும் அகன்ற திண்ணைகள், பர்மாத் தேக்குத் தூண்கள், உள்ளே வளவு எனப்படும் நடுமுற்றம், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வழக்கமான அமைப்புதான். நமக்குத் தரும் அறைகள் முகப்பை ஒட்டியவை. வளவைச் சுற்றியுள்ள ஏழு அறைகளிலும் ஏழு பூட்டுகள் தொங்குகின்றன. மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று அன்றைக்குப் பிரித்துக் கொடுத்தது, தலைமுறைகள் தாண்டி இன்று பல ஊர்களில் இருக்கும் பங்காளிகளின் பங்காக நிற்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் ஒரு கதவைக் காட்டிக் கேட்டேன். "அது ஆச்சி பங்கு தம்பி, அவுக கல்யாணங்காச்சிக்கு வந்தாத்தான் திறக்கும்" என்றார். இரண்டாங்கட்டில் ஓட்டுக்கூரை ஓரிடத்தில் இறங்கியிருக்கிறது. அதைச் செப்பனிட எல்லாப் பங்காளிகளின் ஒப்புதலும் வேண்டும் என்பதால் நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கதவுகளும் தூண்களும் விற்பனைக்கு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, தார்ப்பாய்க்கு அடுத்த கட்டம் என்ன என்று சொல்லத் தேவையில்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன என்றாலும், அதனால் வந்த கவனம் இந்த ஊர்த் தெரு வரை எட்டவில்லை. எங்கள் அறை சுத்தமாக இருந்தது. சுண்ணாம்புக் காரைச் சுவரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் இருந்ததால் நடுப்பகலிலும் மின்விசிறி ஒன்றே போதுமானதாக இருந்தது. முதல் நாள் இரவு மின்சாரம் இரண்டு மணி நேரம் போனபோது, கொசு விரட்டக் கொடுத்த வேப்பிலைப் புகை எங்களையும் சேர்த்தே விரட்டியது.

இனித் தண்ணீர். குடிநீர்க் குழாயில் காலை ஆறரைக்கு வரும் தண்ணீர் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. அந்த முக்கால் மணி நேரத்தைச் சுற்றியே தெருவின் காலைப்பொழுது நடக்கிறது. விருந்தினருக்குக் குடிக்க அந்த நீரை மண்பானையில் நிரப்பி வைக்கிறார்கள். குளிக்கக் கிடைப்பது ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர். சோப்பு நுரைக்காது, ஆளுக்கு இரண்டு வாளி என்பது எழுதப்படாத விதி. குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இந்தச் செம்மண் பூமியில் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொடுப்பதைத்தான் பாசனக் கண்மாயிலும் குடிநீர் ஊருணியிலும் தேக்கி ஆண்டை ஓட்ட வேண்டும். வளவின் நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதும், மழைநீர் பாத்திரங்களில் பிடித்தது போக வடிகால் வழியாக ஊருணிக்குப் போகும்படி தெருக்கள் அமைக்கப்பட்டிருப்பதும் இந்தக் கவலையில் பிறந்தவைதான். ஊருணிப் படிக்கட்டில் தெரியாமல் செருப்புக் காலோடு இறங்கிய என்னை, அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தூரத்திலிருந்தே அதட்டினார். ஒரு காலத்தில் ஊரே குடித்த தண்ணீர் அது. இப்போது யாரும் குடிப்பதில்லை என்றாலும் மரியாதை மட்டும் குறையவில்லை.

கண்மாயின் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. நிரம்பிய நீர் வழிந்தோடும் கலுங்கு வழியாக அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் போய்ச் சேரும் சங்கிலி இன்னும் அறுந்துவிடவில்லை. ஆனால் நீர் தேங்கும் உள்வாயில் பாதியைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதையே வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்களும் இருப்பதால், அந்த முள்ளை ஒரேயடியாகத் திட்டவும் முடியவில்லை. கோடையில் நீர் முழங்காலளவுக்கு இறங்கியதும் ஊர் மொத்தமும் கூடி மீன் பிடிக்கும் அழிகண்மாய் நாளுக்கு வரும்படி அழைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்காகவே இன்னொரு முறை போகலாம். ஊர் ஊராக 'செட்டிநாடு' என்ற பெயரில் விற்கப்படும் மிளகுக் காரம் இங்கே இல்லவே இல்லை. காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும். இரவில் கண்மாய்க் கெண்டைக் குழம்பு. மறுநாள் வைத்த வெண்டைக்காய் மண்டிதான் என் கணக்கில் முதலிடம் பெறுவது: அரிசி களைந்த நீரைக் கீழே கொட்டாமல், அதில் புளியைக் கரைத்துக் காய்ச்சிய குழம்பு. வாளிக் கணக்குப் பார்த்துக் குளித்துவிட்டு வந்து அதைச் சாப்பிட்டபோது, இப்படியொரு குழம்பு இந்த மண்ணில் ஏன் பிறந்தது என்று தனியாக யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கவுனி அரிசி இனிப்பு மட்டும் திகட்டியது, சர்க்கரையைக் குறைக்கலாம்.

ஏமாற்றம் ஒன்று உண்டு, அது இந்த வீட்டாரால் வந்ததல்ல. நகரத்திலுள்ள பயண ஏற்பாட்டாளர் ஒருவர், 'கிராம வாழ்க்கை உலா' என்று தனியாக 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, வாடகைக்குப் பிடித்த மாட்டுவண்டியில் எங்களை ஏற்றி, வெற்று உரலில் உலக்கை போடும் பெண்களைப் படமெடுக்கச் சொன்னார். ஊரில் மாவு மில் ஓடும் சத்தம் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போனால், புரவி எடுப்புத் திருவிழாவில் நேர்த்திக்கடனாகக் கொண்டுவந்து நிறுத்திய மண்குதிரைகள், புதியவை வண்ணத்தோடும் பழையவை கால் உடைந்தும், மரநிழலில் வரிசையாக நிற்கின்றன. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், யாரும் காசு கேட்கவில்லை. பேருந்தில் கொள்ளுக்குடிப்பட்டிக்கும் போய் வரலாம். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தின் கண்மாயில் கூடு கட்டும் கொக்கும் நாரையும் அஞ்சிப் பறந்துவிடக்கூடாது என்று, தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர் அது. நாங்கள் போனபோது பருவம் முடியும் நேரம். குஞ்சுகள் பெரும்பாலும் பறக்கத் தொடங்கிவிட்டன. மார்கழி, தையில் போவது மேல்.

முதியவர்களை அழைத்துச் செல்வதாக இருந்தால் யோசிக்க வேண்டும். கழிப்பறை பின்கட்டில் இருக்கிறது. இரவில் நீண்ட நடை, நடுவில் ஒரே ஒரு விளக்கு. ஊரில் மருந்துக்கடை இல்லை. நகரப் பேருந்து நாளுக்கு நான்கு முறைதான் வருகிறது. பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் சந்தை நாளில் நிற்க இடம் கிடைப்பதே பெரிது. முன்பதிவுக்குத் தொலைபேசியில் அழைப்பவர்கள் மாலை ஐந்து மணிக்குமேல் அழைப்பது நல்லது. பகலில் அக்கா நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார், கண்மாய்க் கரையில் மண் வெட்டும்போது போனை எடுப்பதில்லை.